ஒரே ஆள், இரண்டு தோள்கள்: மூட்டு மாற்று அறுவைக்குப் பின் கிருமி எப்படி நுழைந்தது, அடுத்த முறை எப்படித் தடுத்தோம்

காய்ச்சல் இல்லை. தழும்பு கோடு கிழித்த மாதிரி அழகாக ஆறியிருக்கிறது. சிவப்போ கசிவோ கிடையாது, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. ஆனால் தோள் வலிக்கிறது, அதுவும் அறுவைக்குப் பிறகு சில மாதங்கள் நன்றாக இருந்துவிட்டுத் திரும்ப வலிக்கிறது. முழங்கால், இடுப்பு மூட்டுகளில் வரும் தொற்றைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தொற்று என்றே தோன்றாது. தோளில் அது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

இந்த நிகழ்வை எழுதக் காரணம், ஒரே ஆளுக்கு இரண்டு தோளிலும் மாற்று அறுவை நடந்தது. வலது தோளில் தொற்று வந்தது; இடது தோளுக்கு நாங்கள் முன்கூட்டியே திட்டம் போட்டு இறங்கினோம். அதே தோல், அதே சர்க்கரை நோய், அதே கிருமி. ஆள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வலது தோள்

வயது 61, ஆண், எடை 95 கிலோ. பல வருடம் நீச்சல் பயிற்சி கொடுத்தவர். இரண்டு தோள்மூட்டுகளிலும் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பு எலும்போடு உரசும் நிலை. சர்க்கரை உண்டு, மூன்று மாதச் சராசரி அளவான ஹெச்பிஏ1சி அப்போது 8.2. புகைப் பழக்கம் இல்லை. முதுகிலும் தோள்பட்டையிலும் இளவயதுப் பருக்கள் விட்டுப்போன குழித் தழும்புகள், எண்ணெய்ப் பசையுள்ள தோல், அடர்த்தியான முடி. இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

முதல் அறுவை வேறொரு இடத்தில் நடந்தது. எங்களிடம் அவர் வந்தபோது கூடவே ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தார், அதில் மயக்க மருந்துக் குறிப்பேடும் இருந்தது நல்லதாகப் போயிற்று. டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாத உண்மைகள் பல நேரம் அந்த ஒரு தாளில்தான் இருக்கும்.

அதில் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. முதலாவது, அறுவைக்குச் சுமார் ஆறு வாரம் முன்பு அதே தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்கள். வலி தாங்கவில்லை, தேதி கிடைக்கும்வரை சமாளிக்கப் போட்டது. மூட்டு மாற்று அறுவைக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி தொற்று வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது இப்போது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம்.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. தாளின் மேல் மூலையில் சிவப்பு மையில் ‘பென்சிலின் ஒவ்வாமை’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. அதனால் தொற்றைத் தடுக்க அறுவைக்கு முன் வழக்கமாகப் போடும் ஆன்டிபயாடிக்கான செஃபாசோலினை (பென்சிலினுக்கு உறவான மருந்து) விட்டுவிட்டு வான்கோமைசின் என்ற வேறு ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள், 1 கிராம். கிலோவுக்கு 15 மி.கி. என்று கணக்குப் போட்டால் 95 கிலோ ஆளுக்கு 1,400 மி.கி.க்கு மேல் போக வேண்டும். அதோடு வான்கோமைசினை நிமிடத்தில் குத்திவிட முடியாது, ஒரு மணி நேரத்துக்கு மேலாக மெதுவாக ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் உடம்பெல்லாம் சிவந்து ரத்த அழுத்தம் இறங்கும். அதனால்தான் கத்தி வைப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்தே அதை ஆரம்பிக்கலாம் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. இங்கே தொடங்கியது தோலைக் கீறுவதற்கு 20 நிமிடம் முன்பு. அதாவது கத்தி தோலைத் தொட்டபோது மருந்தில் பெரும்பகுதி இன்னும் பாட்டிலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மற்றபடி எல்லாம் ஒழுங்கு. ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் போட்டுத் தோலைச் சுத்தம் செய்திருக்கிறார்கள், தோளைப் பொறுத்தவரை அதுதான் நல்ல தேர்வும்கூட. அதைச் சரியாகச் செய்த பிறகும் தொற்று வந்தது என்பதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம்.

ஆறு மாதம் சுகமாக இருந்தார். ஏழாவது மாதம் இரவில் வலி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கை இறுகியது. பிசியோதெரபி கூட்டினார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் சாதாரணம்: சி.ஆர்.பி. 4, இ.எஸ்.ஆர். வயதுக்கு ஏற்ற அளவு. ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள், ஐந்தாம் நாள் ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்தது. தொற்று இல்லை என்று முடிவாயிற்று. ஒரு வருட எக்ஸ்ரேயில் மேற்கை எலும்புக்குள் இருக்கும் செயற்கை மூட்டின் தண்டைச் சுற்றி மெல்லிய கருங்கோடு, அதாவது தண்டு தளர்கிறது. இடையில் யாரோ சொன்னார்கள் என்று இரண்டு தடவை ஆன்டிபயாடிக் மாத்திரையும் விழுங்கியிருக்கிறார். பதினான்காவது மாதம் எங்களிடம் வந்தார்.

கிருமி வெளியே இல்லை, உள்ளே

பருவோடு தொடர்புடைய அந்தப் பாக்டீரியாவின் பெயர் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ். 2016 வரை புரோபியானிபாக்டீரியம் ஆக்னஸ் என்றிருந்தது, பழைய ரிப்போர்ட்டுகளில் அப்படித்தான் பார்ப்பீர்கள். இது ஆரோக்கியமான எல்லார் தோலிலும் குடியிருப்பது. முகம், மார்பின் மேற்பகுதி, தோள், மேல்முதுகு ஆகிய எண்ணெய்ச் சுரப்பி நிறைந்த இடங்களில் அதிகம், ஆண்களுக்கு இன்னும் அதிகம். ஆக்சிஜன் குறைந்த இடம்தான் பிடிக்கும் என்பதால் மேலே உட்காராமல் மயிர்க்காலின் அடியில், சுரப்பிக்குள் இருக்கும்.

மேலே தடவும் மருந்து மேலேதான் வேலை செய்யும். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தன்னார்வலர்கள் பத்துப் பேரின் தோள் தோலை, அறுவைக்கு முன்பு செய்வது போலவே குளோர்ஹெக்சிடினால் சுத்தம் செய்துவிட்டு, சிறு துண்டாகத் தோலை எடுத்துப் பார்த்தார்கள். ஏழு பேரின் தோலுக்குள் இந்தக் கிருமி உயிரோடு இருந்தது. ஆக, சர்ஜன் கத்தியைப் போட்டதும் நூற்றுக்கணக்கான சுரப்பிகள் குறுக்கே வெட்டுப்படுகின்றன, உள்ளே இருந்தது வெட்டின் ஓரத்துக்கு வருகிறது, அங்கிருந்து கத்தி, கையுறை, வெட்டை விரித்துப் பிடிக்கும் இழுப்பான் வழியாக உலோகத்துக்குப் போய்ச் சேர்கிறது. தியேட்டர் காற்று எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த வழி திறந்தே இருக்கும்.

உலோகத்தில் ஒட்டியதும் தன்னைச் சுற்றி ஒரு கொழகொழப்பான உறையைக் கட்டிக்கொண்டு மெதுவாக, ரொம்ப மெதுவாக வளரும். உடம்பு பெரிதாகக் கோபப்படாது. சி.ஆர்.பி. ஏறாது. சீழ் பிடிக்காது. ஐந்து நாள் கல்ச்சரில் தலை காட்டாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைகளும் தோளைத் தாக்கும்தான், ஆனால் அவற்றில் ஆரியஸ் போன்றது சத்தம் போட்டுக்கொண்டு வரும், பிடித்துவிடலாம்.

ஒரு சின்ன வரலாறு. உலகில் முதல் செயற்கைத் தோள்மூட்டு என்று சொல்லப்படுவது 1893இல் பாரிஸில் ழூல் எமில் பெயான் என்ற சர்ஜன் வைத்தது. காசநோயால் மூட்டு கெட்டுப்போன ஒரு ரொட்டி சுடுபவருக்கு, பிளாட்டினமும் ரப்பரும் கொண்டு ஒரு பல் மருத்துவர் செய்து கொடுத்த மூட்டு. சுமார் இரண்டு வருடத்தில் தொற்று விடாததால் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. தோள் மாற்று அறுவையும் தோள் தொற்றும் ஒரே நாளில் பிறந்தவை என்றே சொல்லலாம்.

சரி, நோயாளிக்கு வருவோம்.

எல்லா ஆன்டிபயாடிக்கையும் இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னோம். பிறகு நுண்துளை வழியாக மூட்டுக்குள் போய், வெவ்வேறு இடங்களிலிருந்து ஆறு திசுத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி, தனிக் குப்பி. ஆய்வகத்துக்கு நேரில் போய் 14 நாள் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம், ஏனென்றால் படிவத்தில் மட்டும் எழுதினால் பழக்கதோஷத்தில் ஐந்தாம் நாள் குப்பைக்குப் போய்விடும். ஐந்தாம் நாள் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் நான்கு குப்பிகளில் ஒரே கிருமி, கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ்.

ஒரே ஒரு குப்பியில் வளர்ந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாக இருந்திருக்க மாட்டேன். எந்தப் பிரச்சினையும் இல்லாமல் முதல்முறை அறுவைக்கு வரும் தோள்களில் மாதிரி எடுத்தாலும் சிலவற்றில் இந்தக் கிருமி வளரும். எடுக்கும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டதா, நிஜமாகவே உள்ளே இருந்ததா என்பது இன்னும் சண்டை தீராத கேள்வி. 2018இல் பிலடெல்ஃபியாவில் கூடிய சர்வதேசக் கருத்தொருமிப்புக் கூட்டம் தோளுக்கென்றே தனி அளவுகோல் வகுத்ததற்கும் இந்தக் குழப்பம்தான் காரணம். ஆறில் நான்கு, கூடவே தளர்ந்த தண்டு, திரும்பி வந்த வலி, இறுக்கம் என்றால் சந்தேகப்பட இடமில்லை.

அந்தச் சிவப்பு மை

சிகிச்சைக்கு, செஃபாசோலின் குடும்பத்து ஆன்டிபயாடிக்கான செஃப்ட்ரியாக்சோன் கொடுக்க வேண்டும் என்றால் முதலில் அந்த ஒவ்வாமைச் சிக்கலைத் தீர்க்க வேண்டும். என்ன நடந்தது என்று கேட்டோம். “சின்ன வயசுல ஜுரத்துக்கு ஏதோ ஊசி போட்டாங்களாம், உடம்புல தடிப்பு வந்துச்சாம், அம்மா சொல்லுவாங்க” என்றார். மூச்சுத் திணறியதா, முகம் வீங்கியதா, மருத்துவமனையில் சேர்த்தார்களா? எதுவும் இல்லை. ஐம்பது வருடத்துக்கும் முந்தைய கதை. ஜுரத்தோடு வந்த தடிப்பு ஜுரத்தாலேயே வந்திருக்கலாம்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், முறையாகச் சோதித்தால் ஒத்துக்கொள்கிறது. இவருக்கும் ஒவ்வாமை மருத்துவர் கண்காணிப்பில் பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலினை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று, உண்மையிலேயே லேசான பென்சிலின் ஒவ்வாமை இருந்தாலும் செஃபாசோலின் பெரும்பாலும் பிரச்சினை செய்யாது. அதன் மூலக்கூறின் பக்கச் சங்கிலி அமைப்பு பென்சிலின்களோடு ஒத்துப்போவதில்லை. தோல் உரிந்து போகிற மாதிரி கடுமையான எதிர்வினை வந்தவர்கள் மட்டும் வேறு கணக்கு. மூட்டு மாற்று அறுவையில் செஃபாசோலினுக்குப் பதில் வான்கோமைசின் மட்டும் வாங்கியவர்களுக்குத் தொற்று கூடுதலாக வருகிறது என்று பல பெரிய பதிவேடுகள் காட்டியிருக்கின்றன. இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்த ஒரு வரியை யாரும் கேள்வி கேட்காமல் ஒரு கோப்பிலிருந்து அடுத்த கோப்புக்கு நகல் எடுத்துக்கொண்டே போகிறார்கள். எனக்கு இது எரிச்சலூட்டும் விஷயம், மறைக்கப் போவதில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய மூட்டைக் கழற்றினோம். சீழ் இல்லை, கொஞ்சம் கலங்கிய நீர், எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய சவ்வு, தண்டு கையோடு வந்தது. ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்டில் தற்காலிக மூட்டு, ஆறு வாரம் நரம்பு வழி செஃப்ட்ரியாக்சோன், அப்புறம் சில வாரம் மருந்தில்லாமல் காத்திருந்து ரிவர்ஸ் வகை (பந்தும் கிண்ணமும் இடம் மாறிய) மூட்டு. இப்போது கையைத் தலைக்குக் கொஞ்சம் மேல் வரை தூக்குகிறார், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. நீச்சல் போயிற்று.

இடது தோள்

இரண்டு வருடம் கழித்து இடது தோளுக்காக வந்தார். பயம் அவரைவிட எங்களுக்கு அதிகம்.

வந்ததும் கேட்டது ஸ்டீராய்டு ஊசி. மறுத்தோம், அறுவை தேதிக்கு மூன்று மாதம் முன்பே அந்தக் கதவு மூடியாயிற்று. வலிக்கு மாத்திரை, ஐஸ், கொஞ்சம் பொறுமை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து காட்டுங்கள், அப்புறம் தேதி தருகிறேன் என்றேன், ஹெச்பிஏ1சி 7.1க்கு இறங்கிய பிறகே தேதி போட்டோம். மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை, அதனால் அதைக் கொல்லும் முப்பிரோசின் களிம்பு தேவைப்படவில்லை.

பிறகு முக்கியமான வேலை, 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல். பருவுக்குப் போடும் அதே ஜெல்தான். இது எண்ணெயில் கரைந்து மயிர்க்காலுக்குள் இறங்கி அங்கே ஆக்சிஜனை விடுவிக்கிறது, ஆக்சிஜன் பிடிக்காத கிருமிக்கு அது விஷம். ஆன்டிபயாடிக் போல இதற்குக் கிருமி பழகிக்கொள்வதும் இல்லை. அறுவைக்கு மூன்று நாள் முன்பிலிருந்து காலையும் இரவும், தோளின் முன்பக்கம், பக்கவாட்டு, மேல்முதுகு, அக்குள். தடவும் முறையை நாங்களே காட்டிக் கொடுத்தோம், ஏனென்றால் பலரும் தோளின் உச்சியில் ஒரு வட்டம் போட்டுவிட்டு முடித்துவிடுகிறார்கள். தோளுக்கும் மார்புக்கும் நடுவே இறங்கி அக்குள் மடிப்பை நெருங்கும் கோட்டில்தான் கத்தி போகும். அவர் மனைவி கேட்டார்: “அவரால கையைத் தூக்கவே முடியாதே டாக்டர், அக்குள்ல எப்படித் தடவறது?” நல்ல கேள்வி. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டால் அக்குள் தானாகத் திறக்கும், அப்போது தடவுங்கள், காயும்வரை சட்டை வேண்டாம் என்றோம். ஒன்றை முன்பே சொல்லியிருந்தோம், அப்படியும் ஒரு நீலத் துண்டு பலியாகிவிட்டது: இந்த ஜெல் துணியின் சாயத்தை வெளுத்துவிடும், வெள்ளைத் துணிதான் வைத்துக்கொள்ள வேண்டும். தோல் லேசாகச் சிவந்து உரிந்தால் பரவாயில்லை, புண்ணானால் நிறுத்திவிட்டு எங்களிடம் சொல்ல வேண்டும், புண்ணான தோலில் அறுவை செய்ய மாட்டோம். அறுவைக்கு முந்தைய நாள் சவரம் கூடவே கூடாது என்றோம்; ரேஸர் போடும் நுண்ணிய கீறல்கள் கிருமிக்குத்தான் உதவும். தேவையான இடத்தில் மட்டும் மின் கத்தரியால், தியேட்டருக்கு வெளியே, நாங்களே எடுத்தோம். அக்குள் முடியை எடுப்பதால் இந்தக் கிருமி குறைவதில்லை என்பதால் அதைத் தொடவில்லை.

அறுவை அன்று செஃபாசோலின் 2 கிராம், கீறுவதற்கு அரை மணி முன்பு முழுதாக உள்ளே போய்விட்டது. 120 கிலோவுக்கு மேல் இருந்தால் 3 கிராம். அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் மறுபடி ஒரு டோஸ். தோலில் முதலில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, துடைத்த பிறகு ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின், அது முழுக்கக் காயும்வரை கை கட்டிக் காத்திருப்பு. ஈரமாக இருக்கும்போது மின்கத்தியைத் தொட்டால் தீப்பிடிக்கும், அதோடு காய்ந்தால்தான் வேலையும் செய்யும். ஹைட்ரஜன் பெராக்சைடு தோலின் மேல் மட்டும்தான். ஆழமான குழிக்குள் ஊற்றினால் வாயு ரத்தத்தில் ஏறும் ஆபத்து இருக்கிறது. அக்குளை ஒட்டும் திரையால் அடைத்துத் தனியாக்கினோம்.

தோலைக் கீறிய பிளேடு அங்கேயே தட்டை விட்டு வெளியேறியது, உள்ளே வேறு பிளேடு. வெட்டின் ஓரங்களை அயோடினில் நனைத்த துணியால் மூடினோம். ஸ்க்ரப் நர்ஸ் மூட்டுப் பெட்டியைக் கடைசி நிமிடம் வரை பிரிக்கவில்லை. பிரிக்கும் முன்பு எல்லோரும் கையுறை மாற்றினோம், உள்ளே வைக்கும்போது உலோகம் தோல் ஓரத்தில் படாமல் ஒருவர் இழுப்பானைப் பிடித்துக்கொண்டார். சொல்லக் கேட்கச் சின்ன விஷயம், அந்த நேரத்தில் செய்து பார்த்தால் தெரியும், நான்கு கைகள் ஒரு சிறு வெட்டுக்குள் முட்டிக்கொள்ளும். மூடும் முன்பு நீர்த்த போவிடோன் அயோடினால் மூன்று நிமிடம் ஊறவைத்துக் கழுவினோம். ரத்தம் கட்டினால் அது கிருமிக்குத் தீனி, அதனால் ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் அமிலம் கொடுத்திருந்தோம். வான்கோமைசின் தூளை மூட்டைச் சுற்றித் தூவினோம். அதற்கு ஆதரவான ஆய்வுகள் பெரும்பாலும் பழைய கோப்புகளைப் புரட்டி எழுதியவை, வலுவான ஆதாரம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இவர் விஷயத்தில் துணிந்து விடவும் மனம் வரவில்லை.

24 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டோம். “வீட்டுக்குப் போகும்போது மாத்திரை எதுவும் இல்லையா?” என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டார்கள். தையல் போட்ட பிறகு நாள்கணக்கில் கொடுப்பதால் தொற்று குறைவதில்லை; உலக சுகாதார நிறுவனம் 2016இலும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இலும் இதையே சொல்லியிருக்கின்றன. தேவையில்லாத மாத்திரை வயிற்றைக் கெடுக்கும், அதைவிட மோசம், பின்னால் சந்தேகம் வந்தால் கல்ச்சரையும் கெடுக்கும். வலது தோளில் இரண்டு தடவை விழுங்கிய மாத்திரைகள் அதைத்தான் செய்தன என்பது என் ஊகம்.

வீட்டில் கவனிக்கச் சொன்னது அக்குளை. கழுத்திலிருந்து தொங்கும் பட்டையில் கை நாள் முழுக்க உடம்போடு ஒட்டிக் கிடக்கும், வியர்வை தேங்கும், வெட்டின் கீழ் முனை அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். ஜெல் தடவக் கற்றுக்கொண்ட அதே நிலையில் குனிந்து, தினமும் துடைத்துக் காயவைத்து, மடித்த மெல்லிய துணி ஒன்றை இடையில் வைக்கச் சொன்னோம். ஐந்து நாளைக்குப் பிறகும் கசிவு இருந்தால் கட்டை மாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள், நாங்கள் பார்க்கும் முன் யார் கொடுத்தாலும் ஆன்டிபயாடிக் விழுங்காதீர்கள் என்று எழுதியே கொடுத்தோம்.

என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை

இடது தோள் இரண்டு வருடம் தாண்டிவிட்டது. இரவு வலி இல்லை, தண்டைச் சுற்றிக் கருங்கோடு இல்லை, கை நன்றாகச் சுழல்கிறது. ஆனால் இதை வைத்து எங்கள் திட்டம் ஜெயித்தது என்று சொன்னால் அது ஏமாற்று. முதல்முறை தோள் மாற்று அறுவையில் தொற்று வருவதே நூற்றுக்கு ஒருவருக்குப் பக்கம்தான். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலும் இடது தோள் தப்பித்திருக்கலாம். பத்து விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றியதால் எது உதவியது என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. பென்சாயில் பெராக்சைடு தோலில் கிருமியைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அது அப்படியே தொற்றையும் குறைக்கிறதா என்று நிரூபிக்க ஆயிரக்கணக்கானவர்களை வைத்து ஆய்வு செய்ய வேண்டியிருக்கும், தொற்று அவ்வளவு அரிது. மலிவானது, ஆபத்து குறைவு, அதனால் போடுகிறோம்.

என்னிடம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால் ஒவ்வாமை வரியைத்தான் சொல்வேன். அதைச் சரிபார்க்கத் தியேட்டர் வேண்டாம், கருவி வேண்டாம், அறுவைக்குச் சில வாரம் முன்பு யாராவது உட்கார்ந்து “அன்றைக்கு என்னதான் ஆச்சு?” என்று கேட்டால் போதும்.

சமீபத்தில் அவருக்கு ஒரு கடைவாய்ப்பல் எடுக்க வேண்டியிருந்தது, முன்னால் ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்டார். செயற்கை மூட்டு இருக்கிறது என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் கொடுக்கத் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015இல் சொல்லிவிட்டது. ஆனால் மூட்டில் ஏற்கெனவே சிக்கல் வந்தவர்களுக்கு, நோயாளியும் சர்ஜனும் பேசி முடிவு செய்யட்டும் என்று அதே வழிகாட்டுதல் ஓர் இடைவெளி விட்டிருக்கிறது, இவர் அந்த இடைவெளியில் விழுகிறவர். பேசினோம். பல் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே ஒரு வேளை என்று முடிவு செய்து, பல் மருத்துவருக்கும் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன்.